ஸ்டூடன்ட்ஸ் ப்ளாக் எழுதட்டும், ஃபீட்ல நாம சேர்த்துக்கலாம்: காலேஜ் ஆசிரியர்களுக்கு

அசைன்மென்ட் கேக்குறோம், பசங்க ராத்திரி உக்காந்து எழுதி குடுக்குறாங்க, மார்க் போட்டு கட்டி பீரோல வச்சா அதோட அந்த எழுத்தோட ஆயுசு முடிஞ்சுது. மூடில் (Moodle), கூகுள் கிளாஸ்ரூம் மாதிரி ஆன்லைன் கிளாஸ் தளத்துல வாங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான், பக்கத்து பெஞ்சுல இருக்குற பொண்ணு என்ன எழுதுச்சுன்னு யாருக்கும் தெரியாது, செமஸ்டர் முடிஞ்சா கோர்ஸையே ஆர்கைவ் பண்ணிடுவோம். இதுக்கு மாத்தா, ஒவ்வொரு ஸ்டூடன்ட்டும் சொந்தமா ஒரு ப்ளாக் வச்சு எழுதணும், நாம அதையெல்லாம் ஃபீட் வழியா ஒரே இடத்துல சேர்த்து படிக்கணும். ஃபீட்னா, ஒரு ப்ளாக்ல புதுசா வர்ற பதிவுகளை தானா வெளிய தர்ற ஒரு இணைய முகவரி.

இது புதுசு இல்ல. 2008ல கனடாவோட மானிடோபா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீஃபன் டவுன்ஸ்னு ரெண்டு ஆன்லைன் கல்வி ஆய்வாளர்கள் நடத்துன கோர்ஸ்ல, பணம் கட்டி சேர்ந்தவங்க ஒரு 25 பேர்தான், இலவசமா ஆன்லைன்ல சேர்ந்தவங்க 2000க்கு மேல, அவங்கவங்க சொந்த ப்ளாக்ல எழுதினதை ஃபீட்ல இழுத்து தினம் ஒரு மடலா எல்லாருக்கும் அனுப்பினாங்க. நம்ம பக்கம் 2004லயே தமிழ்மணம்ங்கிற திரட்டி தளம் வந்தாச்சு, நூத்துக்கணக்கான தமிழ் வலைப்பதிவுகள் ஒரே பக்கத்துல வரிசையா வந்து நின்னதுக்கு பின்னாடி இருந்ததும் இதே ஃபீட்தான். அதை ஒரு கிளாஸ் அளவுக்கு செய்யப்போறோம், அவ்வளவுதான்.

முதல்ல ப்ளாக். கூகுளோட பிளாக்கர் போதும், ஜிமெயில் இருந்தா பத்து நிமிஷத்துல ரெடி, போன்லயே டைப் பண்ணலாம். வேர்ட்பிரஸ்ஸும் நல்லதுதான். முழுப்பேர், ரோல் நம்பர், தன் முகம் தெரியுற போட்டோ எதுவும் ப்ளாக்ல வேணாம்னு முதல் நாளே சொல்லிடுங்க, குறிப்பா பொண்ணுங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஒரு புனைபெயர் வச்சுக்கட்டும், எந்த பேர் யாரோடதுன்னு உங்ககிட்ட மட்டும் ஒரு லிஸ்ட் இருந்தா போதும். தேடல்ல வரக்கூடாதுன்னு நினைக்கிறவங்க செட்டிங்ஸ்ல சர்ச் இன்ஜினுக்கு தெரியுறதை ஆஃப் பண்ணிக்கலாம், ஃபீட் வந்துட்டுதான் இருக்கும். ஆனா ப்ளாக்கையே பிரைவேட்டா மாத்திட்டா ஃபீட் வராது, அதை கவனிங்க.

அடுத்து ஃபீட் முகவரி. வேர்ட்பிரஸ்னா ப்ளாக் முகவரிக்கு கடைசில ஒரு ஸ்லாஷ் போட்டு ஃபீட்னு ஆங்கிலத்துல அடிங்க. பிளாக்கர்னா ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட்னு மூணு வார்த்தையையும் வரிசையா ஸ்லாஷ் போட்டு சேக்கணும். ஃபீட்ல முழு பதிவும் வர்ற மாதிரி செட்டிங்ஸ்ல ஃபுல்னு வைக்க சொல்லுங்க, இல்லன்னா ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி மட்டும் வந்து நிக்கும், நீங்க ஒவ்வொரு ப்ளாக்கா திறந்துட்டு இருக்கணும். ஸ்டூடன்ட் அதே ப்ளாக்ல கவிதை, கிரிக்கெட்னு எதையும் எழுதட்டும், தடுக்காதீங்க, பாடத்துக்கான பதிவுக்கு மட்டும் எல்லாரும் ஒரே லேபிள் (பதிவுக்கு வைக்கிற குறிச்சொல்) போடணும்னு முடிவு பண்ணிட்டா அந்த லேபிளுக்குன்னே தனி ஃபீட் கிடைக்கும், அதை மட்டும் எடுத்துக்கலாம்.

இந்த முகவரியெல்லாம் ஃபீட்லியோ இன்னோரீடரோ ஏதாவது ஒரு ரீடர்ல, அதாவது ஃபீட்களை ஒரே இடத்துல சேர்த்து காட்டுற ஆப்ல, ஒரு ஃபோல்டரா போடுங்க. போட்ட கையோட அந்த லிஸ்ட்டை ஓபிஎம்எல் (OPML, எந்த ரீடரும் படிக்கிற ஃபீட் பட்டியல்) ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க. 2013ல கூகுள் ரீடரை மூடினப்போ இந்த ஃபைல் இருந்தவங்க வேற ரீடருக்கு ஒரே நாள்ல மாறிட்டாங்க. ஸ்டூடன்ட்ஸுக்கும் இதே ஃபைலை குடுங்க, ஒரே தடவைல இம்போர்ட் பண்ணி அவங்களும் மொத்த கிளாஸையும் படிக்கலாம்.

இனிதான் உண்மையான வேலை. 60 பேர் வாராவாரம் எழுதினா யாராலும் படிக்க முடியாது. அஞ்சு குழுவா பிரிங்க, ஒரு வாரம் ஒரு குழு எழுதட்டும், மத்தவங்க ஆளுக்கு ரெண்டு பதிவுக்கு கமென்ட் போடட்டும். கமென்ட்டுக்கும் இன்டர்னல்ல மார்க் வைங்க, வைக்கலன்னா யாரும் படிக்க மாட்டாங்க, "சூப்பர்", "நைஸ்"னு போட்டா மார்க் கிடையாதுன்னும் சொல்லிடுங்க, ஒரு கேள்வியாவது இருக்கணும், இல்ல ஒரு மறுப்பு இருக்கணும். தலைப்பும் காப்பி அடிக்க முடியாததா இருக்கட்டும். மண்ணரிப்பு பத்தி எழுதுன்னா எங்கிருந்தாவது அள்ளிட்டு வருவாங்க, உங்க ஊர் ஏரிக்கரைய போய் பாத்து போட்டோ எடுத்து எழுதுன்னா அவங்களே போய்த்தான் ஆகணும். வாரம் ஒருநாள் கிளாஸ் ஆரம்பிக்கும்போது ஒரு நல்ல பதிவை ப்ரொஜெக்டர்ல போட்டு பத்து நிமிஷம் பேசுங்க, எழுதுற பசங்களுக்கு மார்க்கை விட அதுதான் பெருசு. தமிழ்ல எழுதுறவங்களை தமிழ்லயே எழுத விடுங்க, இங்கிலீஷ் பேப்பர்ல வாயே திறக்காத பசங்க இங்க பக்கம் பக்கமா எழுதுறாங்க.

பிஜி, பிஹெச்டி பசங்களுக்கு அதே ரீடர்லயே ஆய்வு ஃபீட்களையும் சேர்த்து குடுங்க. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுற பப்மெட் தளத்துல ஒரு தேடல் போட்டா அதுக்கு ஃபீட் உருவாக்க அங்கேயே பட்டன் இருக்கு, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமா போடுற ஆர்க்கைவ் (arXiv) தளத்துல துறைவாரியா ஃபீட் இருக்கு, நிறைய ஜர்னல்களும் தருது. ஜொடேரோ (ஆய்வுக் கட்டுரைகளை சேர்த்து வைக்கிற மென்பொருள்) பயன்படுத்துறவங்க அதுக்குள்ளேயே ஃபீட் சேர்த்து, வேண்டிய பேப்பரை நேரா லைப்ரரில போட்டுக்கலாம், குரூப் லைப்ரரி திறந்தா கைடும் பசங்களும் ஒரே தொகுப்புல வேலை செய்யலாம்.

வாட்ஸப் குரூப் வேணாம்னு சொல்லல, நாளைக்கு டெஸ்ட் இருக்குன்னு சொல்ல அது நல்லா உதவும், ஆனா மூணு மாசம் முன்னாடி நடந்த ஒரு நல்ல விவாதத்தை அதுல தேடி எடுக்கிறது பெரும்பாடு.

செமஸ்டர் கடைசி வாரம் லேப்ல ஒரு பீரியட் வாங்கி, பிளாக்கர்காரங்க பேக்கப்பும் வேர்ட்பிரஸ்காரங்க எக்ஸ்போர்ட்டும் எடுத்து அவங்கவங்க டிரைவ்ல போட்டுக்கட்டும். ப்ளாக்கை வச்சுக்கிறதா அழிக்கிறதான்னு அவங்களே முடிவு பண்ணட்டும், நீங்க உங்க ரீடர்ல அந்த ஃபோல்டரை மட்டும் அப்படியே விட்டு வைங்க, பாஸ் அவுட் ஆன பிறகும் சிலர் எழுதுவாங்க.