புது கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லையா? ப்ராசஸரில் கை வைக்காதீர்கள்

"அண்ணா, ஃபேன் எல்லாம் சுத்துது. டிஸ்ப்ளே மட்டும் வரல."

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் இதே வார்த்தைகளோடு என்னைக் கூப்பிட்டார்கள். மூவரும் முதல் முறையாகத் தாங்களே பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்தவர்கள். டிஸ்ப்ளே வராமல் போனதும் என்னென்ன செய்தோம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பல வருடங்களுக்கு முன் நான் செய்ததை யாரோ வரிசை மாறாமல் என்னிடமே ஒப்பிப்பது போல இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மானிட்டர் கேபிள், பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்ச், கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டில் செருகிவிடுவது, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். பார்த்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் பொறுக்காமல் அணைத்துவிடுவது

டிடிஆர்5 என்ற புது வகை ரேம் போட்ட மெஷினை முதல் முறை ஆன் செய்யும்போது, திரையில் எதுவும் வருவதற்கு முன்பே ஒரு பெரிய வேலை நடக்கிறது. அதற்கு மெமரி ட்ரெய்னிங் என்று பெயர். இந்த ப்ராசஸர், இந்த போர்டு, இந்த ரேம் மூன்றும் சேரும்போது சிக்னல் எந்த நேரக்கணக்கில், எந்த வோல்டேஜில் பிழையில்லாமல் போய்ச் சேர்கிறது என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். அது முடியும்வரை ரேம் தயாராகாது, ரேம் தயாராகாமல் படம் வராது.

ஏஎம்டியின் புது ப்ராசஸர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள் ஆவது சாதாரணம். ரேமின் அளவு பெரிதாக இருந்தாலோ, நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தாலோ பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். இடையில் மெஷின் தானாகவே ஒன்றிரண்டு முறை அணைந்து எரியும். பார்ப்பவருக்கு அது ஏதோ ஷார்ட் போலத் தெரியும். பயந்துபோய் பவரை அணைப்பார்கள். அணைத்தால் இதுவரை நடந்தது வீண், அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஐந்தாறு முறை அணைத்து அணைத்து ஆன் செய்துவிட்டு "அரை மணி நேரமா வரல" என்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட ட்ரெய்னிங் முடிந்திருக்காது.

ஆன் செய்யுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

போர்டில் எரியும் விளக்கைப் பார்க்காமல் இருப்பது

இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் ஓரமாக நான்கு சின்ன எல்இடி இருக்கும். பக்கத்திலேயே சிபியு (ப்ராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று அச்சிட்டிருப்பார்கள். எது எரிந்து நிற்கிறதோ அங்கேதான் போர்டு நிற்கிறது. தேட வேண்டிய இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் முதல் முறை செய்பவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

டிரேம் விளக்கு எரிந்தால் ரேம் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. மேலே சொன்ன ட்ரெய்னிங் நடக்கும்போதும் அதேதான் எரியும். காத்திருந்தும் அணையவில்லை என்றால், ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துக்கொண்டு, ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் அதுதான் ஏ2. "டிக்" என்று சத்தம் வரும்வரை இரண்டு முனையையும் அழுத்த வேண்டும். புது ஸ்லாட் விறைப்பாக இருக்கும், பயந்து பயந்து அழுத்தினால் ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். பூட் விளக்கு எரிந்தால் ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ் மூன்றையும் போர்டு தாண்டிவிட்டது என்று அர்த்தம். மானிட்டரையும் கேபிளையும் திரும்பப் பாருங்கள்.

ப்ராசஸரைக் கழற்றிப் பார்ப்பது

இந்தத் தவறு எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நான் சொந்தமாகச் சேர்த்த இரண்டாவது மெஷின் அது. எல்ஜிஏ 1155 சாக்கெட், அதாவது பின்கள் போர்டின் சாக்கெட்டிலேயே இருக்கும் வகை, இரண்டு 4 ஜிபி ரேம். ஆன் செய்தேன், ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. ரேமை மாற்றி மாற்றிப் போட்டேன், வரவில்லை. "ப்ராசஸர்தான் செத்துவிட்டது" என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். கூலரைக் கழற்றி, சாக்கெட் லீவரைத் தூக்கி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் அப்பியிருந்த ப்ராசஸரை இரண்டு விரலால் எடுத்தேன். பேஸ்ட் வழுக்கியது. ப்ராசஸரின் ஒரு மூலை சாக்கெட்டின் மேலேயே விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் உண்மையான காரணம் தெரிந்தது. போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கென்று தனியாகச் செருகும் பவர் கேபிள் பாதிதான் இறங்கியிருந்தது. அழுத்தினேன், டிஸ்ப்ளே வந்தது. ஆனால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) 8 ஜிபிக்குப் பதில் 4 ஜிபி என்று காட்டியது. நான் வளைத்துவிட்ட பின்களில் ஒன்றிரண்டு ஒரு மெமரி சேனலுக்கானவை. ஒரு விரல் அழுத்தத்தில் தீர வேண்டிய கோளாறுக்காக, நன்றாக இருந்த ஒரு போர்டை நானே கெடுத்துவைத்தேன். அந்த போர்டு கடைசிவரை பாதி ரேமோடுதான் ஓடியது.

பின் வளைந்த சாக்கெட் பொதுவாக வாரன்டியில் வராது. உற்பத்திக் கோளாறு அல்ல, கைபட்ட சேதம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாக்கெட்டை மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி இல்லாமல் போர்டை அனுப்பினால் வாங்கவே மறுப்பவர்களும் உண்டு. அந்த மூடியைத் தூக்கி எறியாதீர்கள், போர்டு வந்த பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

போன மாதம் கூப்பிட்ட மூவரில் ஒரு தம்பி இதையே செய்திருந்தான். ஏஎம்5 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5. ஒரு நிமிடம் பார்த்திருக்கிறான், அணைத்திருக்கிறான், நான்கு தடவை. அப்புறம் ப்ராசஸரை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி வைத்திருக்கிறான். போர்டை என்னிடம் கொண்டுவந்தபோது மொபைல் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்கள். சரியாக இருக்கும் பின்கள் எல்லாம் ஒரே திசையில், நாற்று நட்ட வயல் போல ஒரே வரிசையாக மின்னும். மின்னாமல் ஒரு இடம் இருட்டாக இருந்தால் அங்கே பின் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் இரண்டு பின் பக்கத்துப் பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தையல் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். ஒரு பின்னுக்கு ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு. அவசரப்பட்டால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டியதுதான். ஒன்றரை மணி நேரம் ஆனது. ப்ராசஸரை வைத்து, ஒரே ரேமோடு ஆன் செய்து, இருவரும் எதிரே உட்கார்ந்தோம். தம்பியின் கை இரண்டு முறை சுவிட்சை நோக்கிப் போனது, பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது நிமிடத்தில் மெஷின் ஒருமுறை அணைந்து எரிந்தது, டிஸ்ப்ளே வந்தது. அவனுடைய மெஷினில் முதலில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பழைய ஏஎம்4-இல் ஆபத்து வேறு மாதிரி. அங்கே 1331 பின்களும் ப்ராசஸரின் அடியில் இருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்ட் ப்ராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், லீவர் பூட்டியிருக்கும்போதே. கூலரை ஹேர் ட்ரையரால் லேசாகச் சூடுகாட்டி, இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும்.

அப்படியானால் ப்ராசஸரைக் கழற்றவே கூடாதா? கழற்றலாம், கடைசியில். சிபியு விளக்கு அணையாமல் எரிந்து, பவர் கேபிள்களைப் பார்த்தாகி, பயாஸ் பொருத்தத்தையும் சரிபார்த்தாகிவிட்டது என்றால் கழற்றலாம். போர்டைத் தட்டையாகக் கிடத்துங்கள். மேலே உள்ள பேஸ்டை முதலில் துடைத்துவிடுங்கள். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். தூக்கியதும் சாக்கெட்டை மூடுங்கள்.

8 பின் கேபிள்களைக் குழப்பிக்கொள்வது

போர்டுக்கான 24 பின் பவர் கேபிளை மட்டும் செருகினாலே ஃபேன் சுற்றும். அதனால் பவர் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ப்ராசஸருக்கான 8 பின் கேபிள் 4+4 என்று பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் 6+2 என்று பிரியும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இறங்க மறுத்தால் பலம் காட்டாதீர்கள்.

வேறு பவர் சப்ளையின் கேபிளை எடுத்துச் செருகுவது

கூடவே கூடாது. மாடுலர் (இரண்டு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய) கேபிளின் பவர் சப்ளை பக்க முனைக்குப் பொதுவான வரிசை கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்கும் போர்டும் எரிந்துபோகும்.

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு போர்டைக் குறை சொல்வது

கார்டைக் கழற்றி, கேபிளை போர்டில் செருகிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்க வேண்டுமே. இன்டெல் ப்ராசஸரின் எண் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியின் ஏஎம்4 ரைசன் ப்ராசஸர்களில் ஜி என்று முடிபவற்றில் இருக்கும், 5600, 5600எக்ஸ் போன்றவற்றில் இல்லை. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் உண்டு, 7500எஃப் போன்றவற்றில் கிடையாது. இது தெரியாமல் செய்த சோதனையால் நல்ல போர்டைத் திருப்பி அனுப்பியவரையும் பார்த்திருக்கிறேன்.

கார்டை ரைசர் கேபிளில் (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் நீட்டிப்பு கேபிள்) மாட்டியிருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் இணைப்புத் தரம்) ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் போட்டால் படம் வராமல் போகலாம். கார்டை நேராக போர்டில் மாட்டி, பயாஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கிவிட்டு, பிறகு ரைசரைப் போடுங்கள்.

சாக்கெட் பொருந்தினால் போதும் என்று நினைப்பது

பி450 போர்டில் ரைசன் 5000, 600 வரிசை போர்டில் 14-ஆம் தலைமுறை இன்டெல், பி650 போர்டில் ரைசன் 9000: சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். போர்டு பழைய பயாஸோடு வந்திருந்தால் ப்ராசஸரை அடையாளமே தெரியாது, டிஸ்ப்ளேயும் வராது. வாங்குவதற்கு முன்பே போர்டின் ஆதரவுப் பட்டியலில் அந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

பயாஸைப் புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் கவலை இல்லை. யூஎஸ்பியை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலுக்குக் கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறியிட்ட போர்ட்டில் செருகிப் பட்டனை அழுத்துங்கள். ப்ராசஸர், ரேம் எதுவும் தேவையில்லை. விளக்கு மினுக்கி முடியும்வரை பவரைத் தொடாதீர்கள்.

பவர் கேபிளைப் பிடுங்காமல் சிமாஸ் கிளியர் செய்வது

பிடுங்குங்கள். பிறகு போர்டில் அதற்கான இரண்டு பின்களை ஜம்பரால் இணையுங்கள், அல்லது பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வையுங்கள். பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

ஒரு தடவைக்கு ஒன்று. இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியவே தெரியாது.

கேபினெட்டுக்குள் வைத்தே தேடிக்கொண்டிருப்பது

இதுவரை எதுவும் பலிக்கவில்லை என்றால் போர்டை வெளியே எடுத்துவிடுங்கள். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளி நிறக் கவரின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தக்கூடும். ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள், ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லை என்றால் கார்டு, இவ்வளவுதான் வேண்டும். பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும்.

வெளியே டிஸ்ப்ளே வந்து உள்ளே வரவில்லை என்றால் கேபினெட்டைப் பாருங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்னத் தூண்) மிச்சமாக நின்று அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

டிஸ்ப்ளே வந்த கையோடு எக்ஸ்போவை ஆன் செய்வது

முதலில் பயாஸில் முழு ரேமும் தெரிகிறதா, ப்ராசஸர் வெப்பம் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ரேமை அதற்குக் குறித்த முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ ஆன் செய்யலாம். சேவ் செய்து வெளியே வந்ததும் திரை மறுபடி கறுக்கும். வேகம் மாறியதால் ட்ரெய்னிங் இன்னொரு முறை நடக்கிறது. இதை அந்தத் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். அன்று ராத்திரி போன் செய்தான்: "அண்ணா, ஏழு நிமிஷம் ஆச்சு. சுவிட்ச் பக்கமே போகல. வந்துடுச்சு."