நீண்ட தூர சைக்கிளுக்கு சீட் வாங்கும் முன் ஓர் அட்டையை எடுங்கள்

பிரெவெ எனும் நேரக் கெடு வைத்த நீண்ட தூர சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டரை முடிக்க 13.5 மணி நேரம் தருகிறார்கள். காலும் மூச்சும் தாங்கினாலும், சீட் ஒத்துவராமல் பாதியில் இறங்குபவர்கள் நிறைய. கடையில் கேட்டால் மெத்தென்று ஒரு ஜெல் கவரை நீட்டுவார்கள். வேண்டாம். மார்க்கெட்டுக்குப் போய்வர அது சுகம்தான். மணிக்கணக்கில் மிதிக்கும்போது எலும்பு ஜெல்லுக்குள் அமிழ்ந்து, நடுப்பகுதி மேலெழும்பி நரம்பை அழுத்தும், மரத்துப்போகும். பிட்டத்துக்கு அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில்தான் எடை இறங்க வேண்டும். அதற்குச் சரியான அகலம் தேவை.

முதல் வேலை அளப்பது. கூரியர் பெட்டியின் நெளி அட்டையை மர ஸ்டூலில் வைத்து, மெல்லிய உடையோடு உட்காருங்கள். சோபா உதவாது. முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்து, குதிகாலைத் தூக்கி, அரை நிமிடம் அசையாமல் இருங்கள்.

எழுந்து பார்த்தால் அட்டையில் ஒன்றுமே தெரியாது. பலரும் விட்டுவிடுவது இங்கேதான். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை அட்டையின் ஓரத்தில் கிடையாகப் பிடியுங்கள். இரண்டு பள்ளங்களிலும் நிழல் விழும். அப்படியும் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால், பள்ளம் மட்டும் வெள்ளை ஒட்டாமல் நிற்கும். விளிம்பை அளக்காதீர்கள். ஆழமான புள்ளி இரண்டையும் பேனாவால் குறித்து, அவற்றுக்கு இடையே அளக்க வேண்டும். புது அட்டையில் இன்னொரு முறை செய்து, இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அந்த அளவோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் கூட்டுங்கள். 115 வந்தால் 143 அகல சீட் சரி. 155, 168 என்றும் கிடைக்கும். பெரிதாக இருந்தால் நல்லது என்று அகலமானதை வாங்கினால் உள்தொடை உரசிப் புண்ணாகும். ஒல்லியா குண்டா என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது. எலும்பு இடைவெளி வேறு கணக்கு.

மரத்துப்போகும் தொல்லை இருப்பவர்கள் நடுவில் திறப்புள்ள சீட்டைப் பாருங்கள். ஹேண்டில்பார் சீட் உயரத்துக்கே இருந்தால் என் ஓட்டு புரூக்ஸ் பி17 தோல் சீட்டுக்குத்தான். ஆரம்பத்தில் பலகை மாதிரி இருக்கும், ஓட்ட ஓட்ட உங்கள் உடம்புக்குப் படியும். ஆனால் தோல் மழையில் ஊறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈசிஆரில் ஓட்டுபவர்களுக்கு அதே கம்பெனியின் ரப்பர் சீட்டான கேம்பியம் சி17 நிம்மதி.

சரி, மாட்டும்போது மட்டமாக வையுங்கள். மூக்கு தூக்கினால் முன்பக்கம் அழுத்தும், இறங்கினால் வழுக்கி எடையெல்லாம் உள்ளங்கைக்குப் போகும். பழைய உயரத்தில் டேப் ஒட்டிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாற்றுங்கள். ஆலன் கீ பையில் இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: அகலம் சரியாக இருந்தும் தோல் எரிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் அறுக்கும். இடுப்பு இரு பக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம், இறக்குங்கள். இன்னொன்று: சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகள்தான் ரெயில். கார்பன் ரெயில் பெரும்பாலும் 7-க்கு 9 மில்லிமீட்டர் நீள்வட்டம். அதைப் பிடிக்கும் உங்கள் சீட்போஸ்ட் கிளாம்ப் 7 மில்லிமீட்டர் உருண்டை ரெயிலுக்கானது என்றால் அது பொருந்தாது. பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.