கேம் பாய் அட்வான்ஸின் கம்பியில்லா இணைப்பானை இயங்க வைத்த கதை

போக்கிமான் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் ஆட்டங்களுடன் 2004இல் வெளிவந்த, கையடக்க ஆட்டக் கருவிகளைக் கேபிள் இல்லாமல் ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியில்லா இணைப்பான்கள் இரண்டைப் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கி, என்னுடைய எஸ்பி (கேம் பாய் அட்வான்ஸின் மடக்கு வகை) கருவியிலும் தம்பியுடையதிலும் பொருத்தினேன். அவனுடையது உடனே கண்டுகொண்டது. என்னுடையதோ அப்படி ஒன்று செருகப்பட்டிருப்பதாகவே காட்டவில்லை.

இணைப்பான்களை இடம் மாற்றிச் செருகிய பிறகும் கோளாறு என் கருவியை விட்டு நகரவில்லை. இணைப்பானுக்குத் தனி மின்கலம் இல்லை. கேபிள் செருகும் துளை வழியாகவே மின்சாரமும் பெறுகிறது என்பதால், டார்ச் அடித்து அந்தத் துளையைப் பார்த்தேன். உள்ளே இருந்த 6 தொடுமுனைகளில் இரண்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பல்குத்தும் குச்சியில் பஞ்சை மெல்லியதாகச் சுற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து, பஞ்சில் கறை ஏறுவது நிற்கும் வரை பொறுமையாகத் தேய்த்து, அரை மணி நேரம் உலரவிட்டேன்.

அப்போதும் இயங்காததற்குக் காரணம் என் அவசரம். ஆட்டம் தொடங்கும்போதே இணைப்பானைத் தேடிக்கொள்வதால், கருவியை அணைத்து, அதைச் செருகி, பிறகே இயக்க வேண்டும். அவ்வாறு செய்ததும் ஆட்டத்துக்குள் இணைப்பான் வழியாக ஆட்டக்காரர்கள் சந்திக்கும் யூனியன் அறையில் தம்பியின் பாத்திரம் வந்து நின்றது.

முன்பே வந்த போக்கிமான் ரூபி, சஃபையர் ஆட்டங்கள் இந்த இணைப்பானை அறியாதவை. அவற்றுக்குப் பழைய கேபிளைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.