முதல் செமினாருக்குப் பிள்ளையைத் தயார்படுத்துவது எப்படி?

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஓய்வுநாள் பள்ளி, வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி, வேதாகம வினாடி வினா என்று சின்ன வயதிலிருந்தே வசனம் சொல்லிப் பழகியவர்கள். சங்கீதம் 23ஐ மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "மேய்ப்பனில் ஆரம்பித்த தாவீது ஏன் நடுவில் பந்திக்குப் போகிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வாராந்தரச் செமினாரில் நடப்பது இந்த இரண்டாவது வேலைதான். வாரம் முழுவதும் வீட்டில் படித்த ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நடத்துகிறவர் பாடம் எடுக்க மாட்டார், கேள்விதான் கேட்பார். வீட்டில் தயாராகாமல் வந்த பிள்ளைக்கு அங்கே இரண்டு மணி நேரமும் இரண்டு நாள் மாதிரி இருக்கும். ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் பழக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: சின்னப் பகுதியாக எடுங்கள்

ஆர்வத்தில் ரோமர் நிருபத்தைத் தொடாதீர்கள். பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் போதும். ஒரே அதிகாரம், 25 வசனம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை, அவனுடைய எஜமான் பிலேமோனிடமே பவுல் திருப்பி அனுப்பும்போது கொடுத்துவிட்ட கடிதம். கதை இருக்கிறது, சிக்கல் இருக்கிறது, முடிவு மட்டும் சொல்லப்படவில்லை. பேசுவதற்கு இதைவிட நல்ல பகுதி கிடைப்பது கஷ்டம்.

படி 2: மூன்று முறை வாசிப்பு

முதல் முறை சத்தமாக, நிறுத்தாமல். குடும்ப ஜெப வேளையிலேயே இதைச் செய்துவிடலாம். இரண்டாம் முறை பென்சிலோடு. புரியாத சொல்லுக்கு வட்டம், யார் யாரிடம் பேசுகிறார் என்பதற்கு அம்புக்குறி, விநோதமாகப் பட்ட இடத்தில் ஒரு கேள்விக்குறி. வேதாகமத்தில் கோடு போடத் தாத்தா பாட்டி சம்மதிக்காத வீடு என்றால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். திக்கினாலும் நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். எங்கே திக்குகிறதோ அங்கேதான் பிள்ளைக்குப் புரியவில்லை.

படி 3: கேள்வி எழுதப் பழக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பதில் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்குக் கேள்வி எழுதுவது கூச்சமாக இருக்கும். முதலில் வருவது எல்லாம் தேர்வுக் கேள்வியாகத்தான் வரும்: கடிதம் எழுதியவர் யார், யாருக்கு எழுதினார். பரவாயில்லை, எழுதட்டும். அது ஒரு வகை, பதில் வசனத்திலேயே இருக்கும்.

அடுத்த வகைக்கு வசனத்திலிருந்து ஊகிக்க வேண்டும். 18ஆம் வசனத்தில், அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள் என்கிறார் பவுல். அப்படியென்றால் ஒநேசிமு திருடினானா? வசனம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு நஷ்டத்தை மனதில் வைத்துத்தான் பவுல் எழுதுகிறார் என்று தோன்றுகிறது. இரண்டு பக்கமும் பேசலாம்.

மூன்றாவது வகைதான் செமினாரைத் தூக்கி நிறுத்தும். 8, 9 வசனங்களில், கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் கேட்கிறேன் என்கிறார். கட்டளையிட்டிருந்தால் என்ன? அதுதான் ஒநேசிமுவுக்குப் பாதுகாப்பு இல்லையா? 22ஆம் வசனத்தில் தனக்கு ஒரு இடம் ஆயத்தப்படுத்தச் சொல்கிறாரே, அது விருந்தாளி பேச்சா, நேரில் வந்து பார்ப்பேன் என்ற எச்சரிக்கையா? இப்படி ஒரு கேள்வியைப் பிள்ளை தானாக எழுதும்வரை காத்திருங்கள். நீங்கள் எழுதிக்கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடும்.

வகைக்கு இரண்டு கேள்வி வீதம் நோட்டில் இருந்தால் முதல் செமினாருக்குத் தாராளம்.

கேள்வி கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு லூக்கா 2ஐ எடுத்துக் காட்டுங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து செய்ததே, கேட்டுக்கொண்டிருந்ததும் வினாவியதும்தான்.

படி 4: மறுத்துப் பேசும் பழக்கம்

சாப்பாட்டு நேரம் இதற்கு வசதி. அப்பா வேண்டுமென்றே ஒரு தவறான கருத்தைச் சொல்லட்டும்: "பவுலுக்கு அவன் மேல் அக்கறை இல்லை, அதான் திருப்பி அனுப்பிட்டார்." பிள்ளை மறுக்க வேண்டும். ஆனால் ஒரு விதி, வசன எண் சொல்லாமல் மறுக்கக் கூடாது. "இல்லப்பா, பன்னிரண்டாம் வசனத்தைப் பாருங்க, என் உள்ளம் மாதிரிங்கிறாரே" என்று வந்தால் வெற்றி.

செமினாரில் மூத்த பிள்ளைகள் இருப்பார்கள். "அண்ணன் சொல்றது சரிதான், ஆனா எனக்கு இந்த வசனம் வேற மாதிரி படுது" என்று சொல்லிப் பழகட்டும். மரியாதையும் போகாது, கருத்தும் போகாது. வாயாடிப் பிள்ளைக்கு இன்னொரு பயிற்சியும் வேண்டும்: முன்பு பேசியவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொன்ன பிறகே தன் கருத்தைத் தொடங்க வேண்டும். கூச்சப் பிள்ளைக்கு முதல் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள்.

படி 5: மூன்று நிமிடப் பேச்சு

பல செமினார்களில் வரலாறும் உண்டு. நம் மண்ணிலேயே பொருள் கொட்டிக் கிடக்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், 1841இல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல் என்று ஆளைத் தேர்ந்தெடுப்பது சுலபம். தேதிகளை அடுக்கினால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள், அவ்வளவுதான். ஒரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: 1847இல் தொடங்கிய இடையன்குடி ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது, ஏன் இத்தனை வருஷம்? முடிந்தால் ஒரு சனிக்கிழமை நேரில் கூட்டிப்போய் அந்தச் சுவரைப் பார்க்க வையுங்கள்.

படி 6: பையும் பயணமும்

வேதாகமம், கேள்வி நோட்டு, பென்சில், தண்ணீர். போன் வேண்டாம். நாசரேத், குரும்பூர் பக்கமிருந்து திருச்செந்தூர் ரயிலில் பாளையங்கோட்டைக்கு வருகிறவர்களுக்கு வழியிலேயே ஒரு முறை வாசிக்க நேரம் கிடைக்கும். சபையார் சேர்ந்து விருந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வாரத்தில் வீட்டில் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். அந்த வாரத்துப் பகுதியை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

சான்றிதழுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். செமினார் அதைத் தராது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதக் குறைந்தபட்சம் 14 வயது ஆக வேண்டும். அதைத் தனியாகத் திட்டமிடுங்கள், செமினார் நோட்டோடு கலக்க வேண்டாம்.

செமினார் முடிந்து வரும்போது "நல்லா பேசினியா?" என்று விசாரிக்காதீர்கள். "யார் கேட்ட கேள்வி உனக்குப் பதில் தெரியாம போச்சு?" என்று கேளுங்கள். அடுத்த வார நோட்டில் முதல் கேள்வியாக அதை எழுதிக்கொள்ளலாம்.