கணைய அழற்சியும் வைட்டமின் டி-யும்: ரிப்போர்ட்டைப் பார்த்துச் செய்யும் தவறுகள்

திடீர் கணைய அழற்சியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் ரத்தப் பரிசோதனைத் தாளில் லைபேஸ், அமைலேஸ் என்ற கணைய என்சைம்கள், கால்சியம் எல்லாம் இருக்கும். சில நேரம் அவற்றோடு வைட்டமின் டி-யையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். அது 11 என்றோ 13 என்றோ குறைவாக வந்திருந்தால் போதும், "வெயிலே படாம ஏசி ரூம்லயே உட்கார்ந்திருந்தா இப்படித்தான்" என்று பார்க்க வந்தவர்கள் நோய்க்குக் காரணமும் சொல்லிவிடுவார்கள்.

அந்த எண்ணைக் காரணமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. வைட்டமின் டி ரத்தத்தில் பெரும்பாலும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. உடலில் கடுமையான அழற்சி வந்தால் அந்தப் புரதம் குறையும். கூடவே டிரிப்ஸ் ஏற ஏற ரத்தம் நீர்க்கும். இரண்டும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்துவிடும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்த ஆய்விலும் ஓரிரு நாளிலேயே அளவு கணிசமாக இறங்கியது. வெயில் படாததால் வரும் குறைபாடு அவ்வளவு வேகமாக வராது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நோய் முற்றியவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருந்ததாகப் படித்தால், எது எதைக் குறைத்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உண்மையான அளவு தெரிய வேண்டுமென்றால், உடம்பு தேறி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.

சரி, குறைவாகத்தானே இருக்கிறது, ஒரே தடவையில் ஏற்றிவிட்டால் என்ன? அமெரிக்காவில் தீவிர நிலையில் சேர்ந்த, வைட்டமின் டி குறைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே வேளையில் 5,40,000 யூனிட் கொடுத்தும் 90 நாளில் இறப்பு குறையவில்லை என்று 2019-ல் முடிவு வந்தது. அது கணைய நோயாளிகளுக்கு மட்டுமான ஆய்வு இல்லை. ஆனாலும் அவசரப்பட்டு ஏற்றுவதால் ஆதாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அது இடம் தரவில்லை.

கால்சியத்திலும் இதே அவசரம் உண்டு. வீங்கிய கணையத்திலிருந்து கசியும் லைபேஸ் சுற்றியுள்ள கொழுப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்து சோப்பு மாதிரி படிந்துவிடுகின்றன. இதனால் கால்சியம் குறையலாம். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தாலும் மொத்த கால்சியம் குறைவாகவே காட்டும், அதனால் அல்புமினைப் பார்க்காமல் பதற வேண்டாம். நான் கவலைப்படுவது எதிர்ப்பக்கத்தைப் பற்றி: குறைந்திருக்க வேண்டிய நேரத்தில் கால்சியம் கூடுதலாக இருந்தால், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியையும் அவர் விழுங்கிய வைட்டமின் டி-யையும் சந்தேகிக்க வேண்டும்.

ஏனென்றால் கூடுதல் வைட்டமின் டி-யே கணையத்தைத் தாக்கக்கூடும். நம் ஊரில் 60,000 யூனிட் சாஷே சாதாரணமாகக் கிடைக்கிறது. வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. அதைத் தினம் ஒன்றாகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு வாரம் முடிந்தும் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு 6 லட்சம் யூனிட் ஊசியை அடுத்தடுத்துப் போட்டுக்கொள்வது இதைவிட மோசம். இப்படித் தொடர் ஊசிகளால் வைட்டமின் டி நச்சு ஏறியவர்களைக் காஷ்மீர் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டும்போது கால்சியம் எகிறும் ஆபத்து அதிகம். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். சிலருக்குக் கணைய அழற்சியும் வரும். இந்த வைட்டமின் கொழுப்பில் சேர்ந்து கிடப்பதால் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் தொல்லை நீளலாம். டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் சத்து மாத்திரை, ஊசி, பவுடர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சத்துதானே என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

அலகையும் பாருங்கள். வெளிநாட்டு ரிப்போர்ட்டில் லிட்டருக்கு 50 நானோமோல் என்றால் நம் ரிப்போர்ட்டில் அது மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம்.

வைட்டமின் டி-யைத் துரத்திக்கொண்டு பித்தப்பைக் கல்லையும் மதுவையும் மறப்பது பெரிய தவறு. பெரும்பாலான கணைய அழற்சிக்கு அந்த இரண்டும்தான் காரணம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 1,000-ஐத் தாண்டினாலும் வரலாம். ஆனால் பட்டினி கிடந்தால் அது சீக்கிரம் இறங்கிவிடும், எனவே சேர்ந்த அன்றே பார்ப்பது நல்லது. கல் இருக்கிறது என்று தெரிந்தும் "இப்போ வலி இல்லையே" என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் மறுபடி வலி வந்து நிற்கலாம்.

நாள்பட்ட கணைய அழற்சி வேறு கதை. அங்கே வைட்டமின் டி நிஜமாகவே குறையும். செரிமான என்சைம் போதாமல் கொழுப்பு உடலில் சேராது. கொழுப்போடு போகும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் நான்கும் வீணாகும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இவர்களுக்கு வெறும் டி மாத்திரை போதாது, என்சைம் கேப்சூலும் வேண்டும். அதை வெறும் வயிற்றில் போடும் மாத்திரை மாதிரி தனியாக விழுங்காமல், சாப்பாட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.