1970 டேடோனா சூப்பர்பேர்ட்: மாடல் செய்யும்போது எங்கே பிசகுகிறது

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத் தொடரில் ஓடிய பழைய காரை அளவு மாடலாகச் செய்பவர்களின் முதல் தவறு பசையிலோ பெயின்டிலோ நேர்வதில்லை. எந்தக் கார், எந்தப் பந்தயம், எந்த நாள் என்று முடிவு செய்யாமலே பாகங்களை வெட்டி எடுக்கத் தொடங்குவதில் நேர்கிறது. நீள மூக்கும் பின்னால் உயர்ந்த இறக்கையும் கொண்ட 1970 பிளைமவுத் சூப்பர்பேர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பெட்டி என்டர்பிரைசஸ் அணியில் ரிச்சர்ட் பெட்டி 43-ம் எண் காரையும் பீட் ஹாமில்டன் 40-ம் எண் காரையும் ஓட்டினார்கள். ஜனவரியில் ரிவர்சைடில் டான் கர்னிக்கு 42-ம் எண் கார் கொடுக்கப்பட்டது. சிறிய ஓடுதளங்களில் அதே அணி அந்த மூக்கும் இறக்கையும் இல்லாத சாதாரண பிளைமவுத் ரோட் ரன்னரை இறக்கியது. ஆகவே, நீலம் அடித்து 43 ஒட்டிவிட்டால் அது ஒரு குறிப்பிட்ட கார் ஆகிவிடாது.

இங்கே 1970 பிப்ரவரி 22 அன்று டேடோனா 500-ஐ வென்ற ஹாமில்டனின் 40-ம் எண் காரை எடுத்துக்கொள்வோம். நாள் முடிவானால் பாதிச் சந்தேகங்கள் தாமாகத் தீரும். ஓட்டுநர் பக்க ஜன்னலில் வலை வேண்டுமா? வேண்டாம். அந்த மே மாதம் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது அவர் கை ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. வலை கட்டாயமானது அந்த விபத்துக்குப் பிறகுதான். வின்ஸ்டன் சிகரெட்டின் சின்னம்? அந்த பிராண்ட் தொடரின் புரவலரானது 1971-ல். பெட்டி அணியின் புரவலரான எஸ்டிபியின் பெரிய எழுத்தும் சிவப்பு-நீல இரட்டை நிறமும் 1972 முதல். டயரில் மஞ்சள் நிற 'ஈகிள்' எழுத்து 1980-களின் கார்களுக்கு உரியது. இவற்றில் ஒன்று இடம் மாறி உட்கார்ந்தாலும், விஷயம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் காரின் படங்களை மட்டும் நம்புவதும் இதே வகைத் தவறு. பழுது பார்த்துப் புதுப்பித்த காரில் பிற்காலத்து சீட் பெல்ட், இருக்கை, டயர் எல்லாம் ஏறியிருக்கும். பந்தய நாளில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் மங்கலாக இருந்தாலும் சாட்சிக்கு அதுதான் பெரியது.

அடுத்தது, சாலைக் காரின் கிட்டிலிருந்து (பெட்டியில் வரும் மாடல் பாகத் தொகுப்பு) பந்தயக் காரை உருவாக்கும்போது வரும் பிசகுகள். கடைக்கு வந்த சூப்பர்பேர்டில் பின் கண்ணாடியைச் சுற்றிப் புதிதாகப் பொருத்திய தகட்டின் இணைப்பை மறைக்கக் கூரைக்குக் கறுப்பு வினைல் உறை போட்டார்கள். பந்தயக் காரில் அது கிடையாது. வெறும் தகடு, அதன்மேல் பெயின்ட். கிட்டில் வினைல் சொரசொரப்பு வார்க்கப்பட்டிருந்தால் 320 உப்புத்தாளில் தொடங்கி 600, 1000 என்று தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கூரை ஓரத்தில் மழைநீர் வழியும் விளிம்புக்கு முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த விளிம்பு ஒருமுறை தேய்ந்து போனால் மீண்டும் நேராகக் கொண்டுவருவது பெரும்பாடு.

முன் மட்கார்டில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதாரண ரோட் ரன்னர் கிட்டில் மூக்கை மட்டும் ஒட்டினால் சூப்பர்பேர்ட் வராது. நிஜக் காரிலேயே முன் மட்கார்டுகளும் பானட்டும் அதே ஆண்டு டாட்ஜ் கோரோனெட்டின் பாகங்களிலிருந்து செய்யப்பட்டவை. பானட்டின் முனையை மூக்கு வரை நீட்டினார்கள். அதனால் ஜோ-ஹான் 1/25 (நிஜக் காரில் 25-ல் ஒரு பங்கு) அல்லது மோனோகிராம் 1/24 போன்ற சூப்பர்பேர்ட் கிட்டிலிருந்தே தொடங்குங்கள். மூக்கு உடலோடு சேரும் கோட்டைப் புட்டி போட்டு அழித்துவிடுவதும் தவறு. அது தனியாகப் பொருத்திய பாகம், கோடு தெரியத்தான் வேண்டும்.

இரண்டு அளவுகளையும் கலப்பதைச் சிலர் பெரிதாக நினைப்பதில்லை, வித்தியாசம் 4 சதவீதம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். இந்தக் காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 116 அங்குலம், அதாவது 2946 மி.மீ. 1/25-ல் அது 117.9 மி.மீ., 1/24-ல் 122.8 மி.மீ. ஏறக்குறைய 5 மி.மீ. வித்தியாசம். 1/25 உடலுக்கு அடியில் 1/24 சேஸிஸ் (அடிச்சட்டம்) போனால் சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவில் நிற்காது. அதற்கும் மேலாக, 1980-களின் பந்தயக் கார் கிட்டிலிருந்து சேஸிஸை எடுத்துப் போடுவது அடிப்படையிலேயே பொருந்தாது. அவற்றின் பின்புறத்தில் சுருள் ஸ்பிரிங்கும் நீண்ட தாங்கு கைகளும் இருக்கும். பிளைமவுத்தில் முன்னால் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி), பின்னால் பட்டை ஸ்பிரிங். மாடலைத் திருப்பிப் பார்க்கிற யாருக்கும் இது உடனே தெரியும்.

எஞ்சினில் நேரும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான். சாலைக் காரின் 426 ஹெமி எஞ்சினில் நாலு வாய்க் கார்புரேட்டர் இரண்டு இருக்கும், கிட்டிலும் அதுவே வரும். நாஸ்காரில் ஒரே ஒரு நாலு வாய்க் கார்புரேட்டர்தான். ஸ்பார்க் பிளக் வயர்கள் வால்வ் கவரின் நடுவில் உள்ள குழிகளுக்குள் இறங்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. நிஜ வயர் 7 மி.மீ. தடிமன் என்றால் 1/25-ல் 0.28 மி.மீ. கடையில் கிடைக்கும் 0.5 மி.மீ. வயரைப் போட்டால் எஞ்சின்மேல் தோட்டக் குழாய் ஓடுகிற மாதிரி இருக்கும். பற்றவைப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறம், வலப்பக்கம். சைலன்சர் குழாய்கள் பின் பம்பர் வரை போகாமல் பின் சக்கரத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

இதே கணக்கு உள்ளேயும் பொருந்தும். ஓட்டுநரைக் காக்கும் ரோல் கேஜ் கூண்டின் குழாய் 1¾ அங்குலம், 1/25-ல் 1.8 மி.மீ. பிளாஸ்டிக் கம்பி சரியாக வரும். இடுப்பு பெல்ட் 3 அங்குலம் என்றால் 3 மி.மீ. பட்டை போதும்.

பெயின்டுக்கு வருவோம். பெட்டி அணியின் இளநீலமான பெட்டி ப்ளூவைப் பழைய அச்சுப் படத்தையோ திரையையோ பார்த்துக் கலக்காதீர்கள். காலப்போக்கில் படத்தின் நிறம் மாறியிருக்கும், திரைக்குத் திரையும் வேறுபடும். மாடல் கார்களுக்கென்றே அந்த நிறத்தைக் கலந்து விற்கிறார்கள், அதை வாங்குங்கள். முதலில் பிரைமர் அடித்த பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். பிரைமர் வெள்ளையா சாம்பலா என்பதைப் பொறுத்து நீலம் மாறும். உடலைப் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவாவிட்டால், வார்ப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயால் பெயின்ட் அங்கங்கே விலகும். கனமாக அடிப்பது மிக மோசம்: மாடலில் 0.1 மி.மீ. படலம் நிஜக் காரில் 2.5 மி.மீ.க்குச் சமம், கதவுக் கோடுகள் மூடிக்கொள்ளும். பிரைமருக்கு முன்பே கோடுகளைச் சற்று ஆழமாகக் கீறிவிட்டு, மெல்லிய மூன்று பூச்சு அடியுங்கள். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி வெடிக்கும். மழைநாளின் ஈரக்காற்றில் லாக்கர் வெளிறிப் போகும், அன்றைக்குத் தொடாதீர்கள். கோடுகளில் கறுப்பு மை விடாமல் அடர் நீலச் சாம்பல் விடுங்கள். இளநீலத்தில் கறுப்பு கார்ட்டூன் போலத் தெரியும்.

பழைய டெக்கல் தாளை (நீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னங்களின் தாள்) நம்பி நேரே தண்ணீரில் போட வேண்டாம். தேவையில்லாத சின்னம் ஒன்றை முதலில் நனைத்துப் பாருங்கள். துண்டுதுண்டாக உடைந்தால் மொத்தத் தாளுக்கும் டெக்கல் ஃபிலிம் திரவமோ பளபளப்பு கிளியரோ ஒரு பூச்சு பூசி, காய்ந்தபின் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். மஞ்சளாகிவிட்டிருந்தால் வெயில்படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். பளபளப்பில்லாத பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும். அதனால் பளபளப்புப் பூச்சு முதலில். கூரை எண் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் படத்தில் உறுதி செய்துவிட்டு ஒட்டுங்கள்.

இறக்கையைக் கண் பார்வையில் ஒட்டினால் கோணும். தூண்களின் அடியில் 0.5 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகுங்கள். தடித்த அட்டையில் ஓர் அச்சு வெட்டி டிக்கிமேல் வைத்து, பசை முழுதாகக் காயும்வரை அதிலேயே நிற்க விடுங்கள். கண்ணாடிகளுக்கு ஃபெவிக்விக் கூடவே கூடாது, ஆவியில் வெண்புகை படியும், ஃபெவிகால் போதும். மென்மையான வினைல் டயர் பிளாஸ்டிக் சக்கரத்தை மாதக்கணக்கில் மெல்லக் கரைக்கும் என்பதால் இடையில் மெல்லிய அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

கடைசியாக, நிற்கும் உயரம். பக்கவாட்டுப் படத்தில் ரிம் விட்டத்தையும் கதவுக்கு அடியில் தரை வரை உள்ள இடைவெளியையும் அளந்து விகிதம் எடுங்கள். ரிம் 15 அங்குலம், 1/25-ல் 15.2 மி.மீ. அதை வைத்து இடைவெளி எவ்வளவு என்று கணக்கிட்டு, சக்கர அச்சுகளை ஒட்டுவதற்கு முன் அடியில் பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து முன்னும் பின்னும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.