போனைப் பிடுங்குவதற்கு முன்னால்

ஏப்ரல் 15 ஆனால் எங்கள் ராமநாதபுரம் பக்கம் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூடமும் அப்போதுதான் லீவு. மற்ற நாளில் கடலே கதி என்று கிடக்கும் அப்பா வீட்டில் இருக்கிறார், பிள்ளையும் வீட்டில் இருக்கிறது, நடுவில் செல்போன். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால் எழுந்து போய்ப் பிடுங்குகிறார்கள். சில வீடுகளில் போன் சுவரில் போய் விழும். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று எந்த ஊரில் கேட்டாலும் மே மாதக் கதை இது.

நானும் பிடுங்கியவள்தான். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாதம் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பள்ளிக்கூட வாத்தியாரம்மா வீட்டிலேயே இப்படியா என்ற கோபம் வேறு. அவள் டியூஷனில் தோழியின் போனில் புதுக் கணக்குத் தொடங்கியிருக்கிறாள். எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது. அதற்குள் முகம் தெரியாத ஒருத்தன் "போட்டோ அனுப்பு" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். "இத்தனை நாள் ஏன்டி சொல்லல?" என்றேன். "சொன்னா மறுபடி வாங்கிப் பூட்டிருவியே" என்றாள்.

நான் பார்த்த தவறுகளில் பெரியது இதுதான். போனைப் பிடுங்கினால் போன் போகும், தொல்லை போகாது. அது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிடும். படத்தைக் காட்டி மிரட்டுகிறவன் நம்புவதும் இதைத்தான்: இந்தப் பிள்ளை வீட்டில் வாய் திறக்காது. ஆகவே பிள்ளையிடம் முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுத்துவிடுங்கள். "என்ன நடந்தாலும் சொல்லு, சொன்னதுக்காகப் போனை வாங்க மாட்டேன்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். எனக்கும் கை பரபரக்கத்தான் செய்தது.

அப்படி ஒரு மிரட்டல் வந்தே விட்டால், அடுத்த தவறு பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது. மிரட்டிய செய்தி, கணக்கின் பெயர், எண், பணம் கேட்டிருந்தால் அந்த விவரம் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டாக இருக்கட்டும். பணம் கொடுக்கக் கூடாது. ஒரு தடவை கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பான். பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் "கொஞ்சம் பாருங்க" என்று மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோகூட அனுப்ப வேண்டாம். 1930 சைபர் குற்றத்துக்கான உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். டேக் இட் டவுன் என்று ஓர் இலவசச் சேவையும் உண்டு. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படத்துக்கு அது ஓர் எண் அடையாளம் உருவாக்கும். அந்த அடையாளத்தை வைத்து, சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைத் தேடி நீக்கும். படம் நம் போனைவிட்டு எங்கும் போகாது.

"போலீசுக்குப் போனால் ஊர் பேசும்" என்று சும்மா இருந்துவிடும் குடும்பங்களே இங்கே அதிகம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. தவறான நோக்கத்தோடு பிள்ளையின் நிஜப் படத்தைக் காட்டி மிரட்டினாலும் ஒட்டிச் செய்த பொய்ப் படத்தைக் காட்டி மிரட்டினாலும் குற்றம். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வீட்டுக்கே வரலாம், முடிந்தவரை பெண் அதிகாரி வர வேண்டும், காக்கிச் சட்டையில் வரக் கூடாது. பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவது தண்டனைக்குரியது. இது தெரியாமலே எத்தனையோ பேர் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள்.

அப்புறம் பிறந்த வருடம். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு செல்போன் கடைத் தம்பியோ பெரியம்மா மகனோ 1998 என்று போட்டு முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மா பேரிலேயே தொடங்குவதும் உண்டு. சின்னப் பொய்தானே என்று தோன்றும். ஆனால் 2025 முதல் இந்தியாவிலும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராம் தனி வகைக் கணக்கு கொடுக்கிறது. அந்தக் கணக்கு, அனுமதித்தவர் மட்டும் பார்க்கும்படி தானாகவே பூட்டியிருக்கும், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, ராத்திரி பத்து மணி முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் சத்தம் போடாது. 16 வயதுக்குள் இருந்தால் இதைத் தளர்த்த அப்பா அம்மா அனுமதி வேண்டும். 1998 என்று போட்ட பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. செயலியின் கணக்கில் அது கல்யாண வயது தாண்டிய ஆள். பதின்மூன்று முடிந்த பிள்ளை என்றால் இன்றைக்கே உட்கார்ந்து வருடத்தைத் திருத்துங்கள். பதின்மூன்று முடியாதவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கச் சொல்வதுதான் சரி.

பள்ளிக்கூடக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து சமூக ஊடகத்தைக் கடலோடு ஒப்பிட்டுப் பேசுவார். நீச்சல் தெரிந்தால் பயமில்லை என்பார்கள், கைதட்டல் கிடைக்கும். எனக்கு அந்த ஒப்பீடு ஒத்துவரவில்லை. கடலுக்கு உங்கள் பிள்ளை யாரென்று தெரியாது. ரீல்ஸுக்குத் தெரியும். லைக் போட்டால்தான் கணக்கு என்று நினைக்கிறோம். எந்த வீடியோவில் எத்தனை நொடி விரல் நின்றது என்பதையும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒல்லியாவது எப்படி என்ற வீடியோவில் ஒரு பெண்பிள்ளை வருத்தத்தோடு நாலு தடவை நின்றால், ஐந்தாவது, பத்தாவது எல்லாம் அதே வந்து நிற்கும். அவளுக்கு அது பிடித்திருக்கிறதா, வலிக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்" என்று மணியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது பாதி வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் எது வந்து விழுகிறது என்று கேட்க வேண்டும். வேண்டாத வீடியோவுக்கு "ஆர்வமில்லை" என்று அழுத்தவும், பரிந்துரைகளையே மொத்தமாக அழித்துப் புதிதாகத் தொடங்கவும் வழி இருக்கிறது. பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

மணிக்கணக்கு முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு, அது தூக்கம். பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பிள்ளையின் போனை மட்டும் வாங்கி வைத்தால் தினமும் பஞ்சாயத்துதான். எங்கள் வீட்டில் எல்லார் போனும் அடுப்படி அலமாரியில் சார்ஜில் கிடக்கும், என்னுடையதும் சேர்த்து. விடியுமுன் கடலுக்குப் போகிறவர் அலாரத்துக்கு என்ன செய்வது என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நூறு இருநூறு ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் கிடைக்கிறது.

பெரியவர்கள் செய்யும் தவறையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் போதும், வாட்ஸ்அப்பில் யாரோ பேசிய ஆடியோ ஊரெல்லாம் ஓடும். 1964 புயல் திரும்ப வருகிறது, தனுஷ்கோடி மாதிரி ஆகப்போகிறது என்று. அனுப்புகிறவருக்கு அது ஒரு பரபரப்பு. அப்பா கடலில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு அது வேறு. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்தாலும் இதே கதை. பெயர் உறுதியாகும் முன்னே யார் யாருடைய படமோ சுற்றும், கரையில் நின்று அழுகிற அம்மாவை எடுத்த வீடியோ அவள் பிள்ளையின் வகுப்புக் குழுவிலேயே வந்து விழும். அந்தப் பையன் மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று நான் பாடம் நடத்தவில்லை. நம் பெரியவர்கள் பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தைப் பிள்ளை எதிரில் செய்து காட்டுங்கள்: "இரு, வானிலை மையம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அனுப்பலாம்."

பெண்பிள்ளைக்குப் போன் கூடாது, ஆண்பிள்ளைக்குக் கேள்வியே இல்லை என்ற வழக்கமும் அப்படியே இருக்கிறது. பெண் பேரில் பேசி, வீடியோ காலில் வரவைத்துப் பதிவு செய்து பணம் பறிக்கும் கும்பல் குறிவைப்பது பெரும்பாலும் பையன்களைத்தான். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் அலைக்குள் இறங்கி ரீல்ஸ் எடுப்பதும் அவர்கள்தான். அங்கே நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், எப்படி இழுக்கும் என்று அவர்கள் வீட்டுத் தாத்தாவைக் கேட்டால் சொல்வார்.

கீழக்கரைப் பக்கம் வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்கள் அங்கிருந்தபடியே மகனின் போனைக் கண்காணிக்கச் செயலி கேட்கிறார்கள். கூகுள் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கு நல்லதுதான். பதினாறு வயதுப் பையனுக்குத் தெரியாமல் அவன் செய்திகளைப் படித்தால் ஒரு நாள் தெரிந்துவிடும், அதோடு பேச்சு நின்றுபோகும். போன் போட்டதும் மார்க் கேட்பதை விட்டுவிட்டு, அவன் அனுப்பும் அசட்டு வீடியோவைப் பார்த்துச் சிரித்துப் பதில் போடுங்கள்.

நான் இப்போது மகளிடம் "என்ன பாக்குற?" என்று கேட்பதில்லை. அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதாம். "இன்னைக்கு என்னடி காட்டுச்சு?" என்கிறேன். முதல் பத்து நாள் "பூனை, பரோட்டா" என்றே பதில் வந்தது. பதினோராம் நாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "யாருன்னே தெரியலம்மா, ஹாய்னு போட்டிருக்கான். என்ன செய்ய?"

கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.